கள்ளி சான்று: பெண்கொலையும் தமிழ்க் கதை மரபும்

நீலிக் கண்ணீர் என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர்களுள் ஒன்று. பொய்யழுகை என அதற்குப் பொருள் கூறுவர். அத்தொடரை ஆள்வோருள், நீலி என்பாள் யார், அவள் எவர்முன் அழுதாள், ஏன் அழுதாள் என வினவுவோர் மிகச் சிலரே ஆவர். பழையனூர் நீலி என்னும் பேய்மகள் ஒரு வணிகனைத் தன் கணவன் எனப் பொய்வழக்கு உரைத்து, ஊரவையை நம்பச் செய்து, அவனைக் கொன்றாள் என்னும் அளவில் பலரும் அமைவர். ஆயின் அக்கதைக்கு ஒரு முற்பகுதி உண்டு. அப்பகுதியில் நீலி கொன்றவள் அல்லள், கொலையுண்டவள். நம்பி உடன் வந்த ஆடவனால் வழியிடையில் கொல்லப்பட்ட பெண்ணே பின்னர் அவைமுன் நின்று அழுதாள் எனக் கதை கூறும். நம் மொழி அவளுடைய கண்ணீரை நினைவில் வைத்தது; அவள் கொலையுண்ட செய்தியை நினைவில் வைத்திலது.

பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குத் தமிழ்நாட்டுப் பாட்டும் கதையும் கூத்தும் தந்த மறுமொழி யாது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியத்துள் இடம்பெறும் கொடுமைகள் அனைத்தையும் தொகுத்துரைத்தல் ஈண்டுக் கருதப்படவில்லை. சான்று என்னும் ஒரு கருத்தை மட்டும் பற்றிக்கொண்டு நீலி கதையை நோக்கிச் செல்வோம். பெண்கொலை பெரும்பாலும் பிறர் காணாவிடத்து நிகழ்வது. காண்பார் இல்லாத இடத்து நிகழ்ந்த கொடுமைக்கு அவையில் சான்று கூறுவார் யாவர் என்னும் வினா பழமையானது. அவ்வினாவுக்கு அவை தந்த விடை ஒன்று; கலை தந்த விடை மற்றொன்று. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

நன்னன் செயலும் புலவர் மறுப்பும்

சங்கப் பாடல்களுள் பெண்கொலை ஒன்று, கொன்றவன் பெயர் சுட்டிப் பேசப்படும் இடம் குறுந்தொகையின் 292-ஆம் பாட்டாகும். பாடியவர் பரணர். ஆற்றில் நீராடச் சென்ற பெண்ணொருத்தி, நீர் கொணர்ந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னன் என்னும் தலைவனுக்கு உரிய மரத்தின் காய் எனக் கொண்டு அவளுக்குக் கொலைத்தண்டம் விதிக்கப்பட்டது. 81 களிறுகளையும் அவள் நிறைக்கு ஒத்த பொற்பாவையையும் ஈடாகத் தர முன்வந்தும் நன்னன் அவற்றை ஏற்றிலன், அவளைக் கொன்றான்.

இச்செய்தி அமைந்த இடம் நோக்கத்தக்கது. பரணர் இதனைப் புறப்பாட்டில் வைத்துரைத்திலர். அகப்பாட்டில், ஒரு தோழியின் வாயில் வைத்தார். தலைவியைக் காவல் செய்யும் தாயைச் சினந்த தோழி, நன்னன் சென்ற நிரயத்துக்கே தாயும் செல்வாளாக என வைகிறாள். ஒரு தலைவன் செய்த கொலை, அவன் அரசியற் செய்தியாக நில்லாமல், பெண்கள் தம்முள் பேசும்போது எடுத்தாளும் வசைமொழியாக ஊன்றிவிட்டது என்பது இதனாற் போதரும். நன்னனை முறை கேட்கும் மேலவை எதுவும் அன்று இல்லை. முறை கேட்க இயலாத இடத்தில் வசை நின்றது.

அவ்வசை அவனோடு ஒழியவும் இல்லை. புறநானூற்றின் 151-ஆம் பாட்டைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கிருந்த இடத்துச் சென்ற அவர், முன்னவனைத் தழுவிப் பின்னவனைத் தழுவாது விட்டார். காரணம் வினவிய இளவிச்சிக்கோவுக்கு அவர் கூறிய விடையில் இரு செய்திகள் உள. அவன் நன்னன் வழியினன் என்பது ஒன்று. அவன் குடியினர் பாடி வந்தோர்க்குக் கதவடைத்தமையால் புலவர் அவர்தம் மலையைப் பாடுதல் ஒழிந்தனர் என்பது மற்றொன்று. புலவர் பாடாது விடுதல் அக்காலத்து ஒரு குடிக்குப் பெருந்தண்டம் ஆகும். புகழ் என்பது பாடப்பெறுதல் என்றே கருதிய சமுதாயத்தில், பாட்டு மறுக்கப்பட்ட குடி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாயிற்று. கொலை செய்தவன் வழியினன் என்பதனால் ஒருவனைத் தழுவ மறுத்தல் இன்று நமக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும் புலவர் தம் கையில் இருந்த ஒரே கருவியைக் கொண்டு அக்கொலையை மறவாமல் வைத்தனர் என்பது தெளிவு.

ஒரு குறையையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். கொன்றவன் பெயர் நின்றது. கொல்லப்பட்டவள் பெயர் பாட்டில் இல்லை. அவள் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவளுக்காகப் பிறர் பேசினர். அவள் பேசுமாறு செய்த கலை பின்னரே தோன்றியது.

அவையும் அறிகரியும்

சங்க காலத்து ஊரவை பெண்ணின் முறையீட்டைக் கேட்டு நீதி வழங்கிய செய்தியும் நமக்குக் கிடைக்கின்றது. அகநானூற்றின் 256-ஆம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. கள்ளூர் என்னும் ஊரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அறிந்த சான்றாளரை வினவி உண்மை உணர்ந்தனர். அவனை மரக்கிளையில் பிணித்து அவன் தலையில் நீற்றைப் பெய்தனர். அப்போது அவையில் எழுந்த ஆரவாரத்தைப் புலவர் உவமையாக எடுத்தாள்கிறார். அறிகரி எனப் பண்டையோர் வழங்கியது உண்மையை நேரில் அறிந்த சான்றினை. அறிகரி இருந்தமையால் கள்ளூர்ப் பெண்ணுக்கு நீதி கிடைத்தது.

அறிகரி இல்லாதவிடத்து நிலை என்ன? கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாட்டில் தலைவி ஒருத்தி இதனையே எண்ணி வருந்துகிறாள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு எவரும் உடனில்லை. நீரில் மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது. அவன் பொய்த்தால் தான் செய்யக் கூடியது யாதுமில்லை என்பதே அவள் துயரம். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே சான்றோர் கரணத்தை வகுத்தனர் எனத் தொல்காப்பியக் கற்பியல் உரைப்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். பலரறியச் செய்யும் மணச்சடங்கு, ஆடவன் பின்னர் மறுத்துரைப்பின் பெண்ணுக்குச் சான்றாக நிற்கவே தோன்றியது என்பது அந்நூற்பாவின் கருத்தாகக் கொள்ளப்படும்.

மனிதர் சான்றாகாத இடத்து மரமும் பிறவும் வந்து சான்று கூறும் கதைகள் இந்நிலையிலேயே பிறக்கின்றன. சிலப்பதிகார வஞ்சின மாலையில் கண்ணகி தன் ஊரில் பிறந்த கற்புடை மகளிரை எண்ணிக் கூறுமிடத்து, வன்னிமரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாகக் கொணர்ந்து காட்டிய பெண்ணை முதற்கண் வைக்கிறாள். இக்கதையின் வளர்ந்த வடிவம் பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் இறுதிப் படலமாகும். திருப்புறம்பயத்தில் வன்னியும் கிணறும் இலிங்கமும் அன்றி வேறு காண்பார் இல்லாமல் மணம் செய்துகொள்ளப்பட்ட பெண், மதுரையில் மூத்தாளால் இழித்துரைக்கப்பட்டபோது, அம்மூன்றும் மதுரைக்கு வந்து சான்று நின்றன என்பது அப்படலத்தின் பொருள். பெண்ணின் சொல் தனித்து நின்றால் எடுபடாது என்னும் உலகியலை இக்கதைகள் ஒளிக்கவில்லை. அவ்வுலகியலுக்கு மாற்றாகவே அவை அற்புதத்தை நாடுகின்றன.

இவ்விரு கதைகளிலும் பெண் உயிரோடு இருந்து முறையிடுகிறாள். முறையிட வேண்டியவளே கொல்லப்பட்டுவிட்டால் என் செய்வது? இதற்கு விடை கூற முற்பட்டவை நீலி, குண்டலகேசி முதலியோர் கதைகள்.

காப்பிய மகளிர் இருவர்

குண்டலகேசிக் காப்பியம் நாதகுத்தனார் இயற்றியது என்பர். அது முழுமையாகக் கிடைக்கவில்லை. 19 பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. அதன் கதையை நீலகேசி உரை முதலியவற்றான் அறிகிறோம். கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்த செல்வமகள், தந்தையின் உதவியால் அவனை மீட்டு மணந்தாள். ஊடற்பொழுதில் அவள் அவனைக் கள்வன் என விளையாட்டாகக் கூறிய சொல் அவன் நெஞ்சில் தைத்தது. அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். அவன் எண்ணத்தை உணர்ந்த அவள், இறக்குமுன் கணவனை வலம் வர விரும்புவதாகக் கூறி, அவன் பின்புறம் சென்றபோது அவனைக் கீழே தள்ளினாள். பின்னர்த் துறவு பூண்டு, நாவற்கிளை நட்டுச் சமயவாதம் புரிந்து, இறுதியில் பௌத்த நெறியை மேற்கொண்டாள்.

இக்கதையின் மூலம் பாலிமொழி மரபில் உள்ளது. அம்மரபில் கள்வன் மனைவியைக் கொல்ல முயல்வது அவளுடைய அணிகலன்களுக்காக. தமிழ் மரபில் அது அவள் கூறிய ஒரு சொல்லுக்காக. இம்மாற்றம் சிறிது எனினும் பொருள் பொதிந்தது. பொருளாசையால் கொல்பவன் கள்வன்; மனைவியின் ஒரு சொல்லைப் பொறாது கொல்ல முற்படுபவன் கணவன். இல்லறத்தின் உள்ளிருந்தே எழும் கொடுமையைத் தமிழ்க் கதை காட்டுகிறது. மற்றொன்றும் கருதத்தக்கது. தேரிகாதையில் இத்துறவியின் பெயரால் வழங்கும் பாடல்கள் அவளுடைய துறவையும் புத்தரைக் கண்டதையுமே கூறுகின்றன. மலையுச்சியில் நிகழ்ந்ததைக் கூறவில்லை. அதனைக் கூறியவர்கள் உரைகாரரும் கதை சொல்வோரும் ஆவர். ஒரு பெண்ணின் வாழ்வில் நேர்ந்த வன்முறை, பாடலில் இன்றிக் கதையில் நிலைபெறுதலை இங்கும் காண்கிறோம்.

குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. ஆசிரியர் பெயர் தெரியாத இந்நூலைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் பதிப்பித்தார். இதன் தலைவி பழையனூர் நீலியே ஆவாள். பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்தவும் மயக்கவும் தென்றிசையினின்றும் அழைக்கப்பட்ட நீலி, அவருடைய அறவுரையால் மனம் மாறிச் சமண நெறி பற்றினாள். பின் பல சமயத்தாரோடும் வாதிட்டு வென்றாள். மக்கள் அஞ்சிய ஒரு பேயை அவைதோறும் சென்று ஏரணம் பேசும் அறிஞையாக ஆக்கினார் அச்சமணப் புலவர். கொலைக்குக் கொலை என்னும் சுழலினின்றும் நீலியை விடுவித்த ஒரே நூல் இது எனலாம். ஆயின் அவ்விடுதலைக்கு ஒரு விலையும் உண்டு. அவள் எதனால் பேயானாள் என்பது இந்நூலின் பொருளாகவில்லை. அவள் கொண்ட கொள்கை பேசப்பட்டது. அவள் பட்ட துயரம் பேசப்படவில்லை.

பழையனூர் அவை

நீலி கதையின் பழமையான குறிப்பு திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டின்மேல் பாடிய பதிகத்தில் உள்ளது. ஒருத்தி வஞ்சித்து உயிர் கவர்ந்த செய்தியைப் பழையனூரோடு இயைத்து அப்பதிகத்தின் முதற்பாட்டுச் சுட்டும். எனவே 7-ஆம் நூற்றாண்டிலேயே இக்கதை அவ்வூரோடு இணைந்து வழங்கியது என்பது உறுதி. 14-ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார், சேக்கிழார் வரலாற்றைக் கூறுமிடத்து, சொன்ன சொல்லைக் காக்கத் தீப்புகுந்த பழையனூர் வேளாளரின் பெருமையை எடுத்துரைக்கிறார்.

தொண்டை மண்டலத்தில் வழங்கும் கதையின் சுருக்கம் வருமாறு: காஞ்சியைச் சார்ந்த ஒருவன் வடநாட்டில் ஒரு பெண்ணை மணந்து, ஊர் திரும்பும் வழியில் திருவாலங்காட்டை அடுத்த காட்டில் அவளைக் கொன்றான். உடன் வந்த அவள் தமையனும் அத்துயரால் உயிர் துறந்தான். கொன்றவன் மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்து அவ்வழியே வந்தபோது, பேயுருக் கொண்டிருந்த நீலி ஒரு குழந்தையை இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி போலப் பின்தொடர்ந்தாள். அவன் அஞ்சிப் பழையனூர் அவையைச் சரணடைந்தான். அவள் அவைமுன் அழுதாள். கணவன் தன்னைக் கைவிட எண்ணுகிறான் என்றாள். அவையினர் 70 பேரும் அவள் சொல்லை நம்பினர். அவன் காவலாக வைத்திருந்த வாளை வாங்கிக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என உறுதி கூறினர். அன்றிரவு நீலி அவனைக் கொன்றாள். சொல் தவறாத அவையினர் 70 பேரும் தீயிற் புகுந்தனர்.

இக்கதையில் அவளுடைய கண்ணீரின் தன்மை யாது? அவள் கூறிய மொழி இப்பிறப்பில் பொய். அவ்வணிகன் அவளை மணந்தவன் அல்லன். முற்பிறப்பில் அதுவே மெய். அவன் அவளை மணந்தவன், அவளைக் கைவிட்டதோடு கொன்றும் விட்டவன். கொலையுண்டவளாக வந்து அவைமுன் முறையிட அவளால் இயலவில்லை. இறந்தாரின் முறையீட்டைக் கேட்கும் அவை எங்கும் இல்லை. மனைவியாக வந்தால் மட்டுமே அவையின் செவி அவளுக்குத் திறந்தது. ஆதலின் மெய்யான வழக்கு ஒன்றைப் பொய்யான வழக்கின் வடிவில் அவள் கொண்டுவர நேர்ந்தது. இதனை உணராமல் அவள் அழுகையைப் பொய்யழுகை எனல் கதையின் பாதியை மட்டும் கேட்டவர் கூற்றாகும்.

திருவாலங்காட்டில் வேளாளர் தீப்புகுந்ததை நினைவூட்டும் மண்டபம் ஒன்று உள்ளது. அதற்குச் சான்றாக நின்றமை பற்றிச் சாட்சி பூதேசுவரர் எனப் பெயர் கொண்ட இறைவன் கோயிலும் அங்கு உண்டு. வாக்குக் காத்த ஆடவர்க்கு இறைவனே சான்றானான். கல்லில் நினைவுச் சின்னமும் எழுந்தது. அது முறையே. அவர்தம் வாய்மையைக் குறைத்துரைத்தல் நம் கருத்தன்று. ஆயின் காட்டில் கொலையுண்ட பெண்ணுக்குச் சான்றானது எது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடையைத் தென்கோடியில் வழங்கும் கதையில் காணலாம்.

கள்ளிச்செடி

திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நீலி கதை வில்லுப்பாட்டாக வழங்குகின்றது. நாகர்கோயிலை அடுத்த கள்ளியங்காட்டோடு அது இயைத்துப் பேசப்படும். மாந்தர் பெயர்கள் வடிவுதோறும் வேறுபடும். கதையின் போக்கு இது: கோயிற் பூசகன் ஒருவன் கணிகை குலத்துப் பெண்ணொருத்தியை விரும்பித் தன் பொருளையெல்லாம் இழந்தான். பொருள் இழந்தவனை அவள் தாய் வீட்டினின்றும் வெளியேற்றினாள். அவன்மேல் உண்மை அன்பு கொண்ட மகள் தாயை விடுத்து அவனைத் தேடித் தொடர்ந்தாள். காட்டில் அவன் மடிமேல் தலை வைத்து அவள் துயின்றபோது, அணிகலன்களுக்கு ஆசைப்பட்டு அவளைக் கல்லாற் கொன்றான். உயிர் போகும் நேரத்தில் அவள் சுற்றும் நோக்கினாள். மனிதர் எவரும் இல்லை. அருகில் நின்ற கள்ளிச்செடியை விளித்து, நீயே எனக்குச் சாட்சி என்று சொல்லி இறந்தாள். மறுபிறப்பில் நீலியாகி வந்தபோது, அக்கள்ளியின் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியே அவைமுன் நின்றாள்.

வடபகுதிக் கதையில் குழந்தை ஒரு மாயம். அவையை ஏமாற்றும் கருவி. தென்பகுதிப் பாட்டில் அக்குழந்தையே அவளுடைய அறிகரி. கொலையை நேரில் கண்ட ஒரே பொருளை அவள் அவைக்குக் கொண்டுவந்தாள். அவை அதனைக் குழந்தையாகக் கண்டது, சான்றாகக் காணவில்லை. குறுந்தொகைத் தலைவிக்குக் குருகு இருந்தது, அது பேசாது. திருப்புறம்பயத்துப் பெண்ணுக்கு வன்னி வந்தது. நீலியின் கள்ளியோ வந்தும் பேசவில்லை. பாட்டைக் கேட்பவர் மட்டுமே அது இன்னது என அறிவர். எனவே பழையனூர் அவைக்குக் கிட்டாத சான்று, வில்லின்முன் அமர்ந்த ஊராருக்குக் கிட்டுகிறது. வழக்கு அவர்கள்முன் மீண்டும் நடைபெறுகின்றது எனலாம்.

வில்லுப்பாட்டு கோயிற் கொடைவிழாவில் நிகழ்வது. அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துப் பாட, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் இசைந்து வரும். தென்மாவட்டங்களில் கொலையுண்டு இறந்தோர் பலர் வாதை என்றும் அம்மன் என்றும் பெயர் பெற்றுப் பீடம் கொண்டுள்ளனர். அவர்தம் இறப்பைப் பாடும் இடத்திலேயே சாமியாடுவோர்மேல் அருள் இறங்கும். இறந்தோர் வாய்திறந்து பேசுவது அவ்வேளையில்தான். பரணர் பாட்டில் கொலையுண்ட பெண்ணுக்குக் குரல் இல்லை எனக் கண்டோம். கொடைவிழாவில் அக்குரல் ஆடுவோர் வாயிலாக எழுகின்றது. ஊரார் அதற்கு விடை கூறக் கடப்பாடுடையர் ஆகின்றனர். இப்பாட்டுக்களைப் பெரும்பாலும் ஆடவரே பாடி வந்தனர் எனினும், 2018-இல் மறைந்த குமரி மாவட்டக் கலைஞர் பூங்கனி போன்ற பெண்டிரும் வீசுகோல் ஏந்தினர்.

நன்னனால் கொலையுண்ட பெண்ணும் இவ்வாறு மக்களிடையே தெய்வமானாள். பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் மாசாணியம்மன் நெடிதாகப் படுத்த கோலத்தில் காட்சி தருகிறாள். நன்னனுடைய மாங்கனியை உண்டமைக்காகக் கொல்லப்பட்ட பெண்ணே அத்தெய்வம் என அங்குக் கூறுவர். செவிவழிச் செய்தி ஆதலின் அதனைக் கொண்டு வரலாறு நிறுவ இயலாது. எனினும் அங்குள்ள வழிபாட்டு முறை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அநீதிக்கு உள்ளானோர், நீதிக்கல் எனப்படும் கல்லில் மிளகாயை அரைத்துப் பூசி அம்மனிடம் முறையிடுகின்றனர். தனக்கு நீதி மறுக்கப்பட்ட பெண் பிறருக்கு நீதி வழங்குபவளாக அமர்ந்திருக்கிறாள். பரணர் வசையாக நிறுத்திய நினைவை மக்கள் ஓர் அறமன்றமாகவே ஆக்கிக்கொண்டனர்.

கண்டும் பேசா அவை

இதுகாறும் கண்டவை சான்று இல்லாத கொடுமைகள். சான்று நிறைந்த அவையிலேயே கொடுமை நிகழ்ந்தால் கலை என் செய்யும் என்பதற்குப் பாஞ்சாலி கதை எடுத்துக்காட்டு. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் நிகழும் தெருக்கூத்தில் துகிலுரிதல் தனிச்சிறப்புடையது. அக்கட்டம் வந்ததும் ஆட்டம் நின்று கற்பூரம் ஏற்றப்படும். வேடம் பூண்டவர் தெய்வமாக வணங்கப்படுவர். இக்கொடுமையை வேடிக்கையாகக் காண்டல் ஆகாது என்னும் உணர்வு அவ்வழக்கத்தில் தெளிவாகின்றது.

பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912-இல் வெளியிட்டார். முழுநூல் அவர் மறைவுக்குப் பின் 1924-இல் வெளிவந்தது. பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துச் செல்லும் காட்சியில் அவர் துச்சாதனனோடு அமையாமல், கண்டு நின்று புலம்பிய ஊராரையும் கடுமையாகச் சாடுகிறார். காண்பார் இல்லாமை நீலியின் துயரம். கண்டோர் எழாமை பாஞ்சாலியின் துயரம். சான்றாக இருத்தல் என்பது கண்ணாற் காண்டல் மட்டும் அன்று, கண்டதன்பொருட்டு எழுதலும் ஆகும் என்பதைக் கூத்தும் பாரதியாரும் தத்தம் வழியில் உணர்த்துகின்றனர்.

இரு தடைகள்

இதுகாறும் கூறியவற்றுக்கு இரு தடைகள் எழலாம். கொலையுண்ட பெண்ணைத் தெய்வமாக்குதல் அச்சத்தின் விளைவே அன்றி அறத்தின் விளைவு அன்று என்பது முதற்றடை. இதில் உண்மை உண்டு. படையலிட்டுப் பேயின் சினத்தைத் தணித்துவிட்டால், கொலைக்குக் காரணமான நடைமுறையை மாற்ற வேண்டுவதில்லை என்னும் மனநிறைவு ஊராருக்கு ஏற்படுதல் கூடும். எனினும் குற்றம் நிகழ்ந்தது என்று ஒப்புக்கொள்ளாதவன் அஞ்சுவதில்லை. அவ்வச்சம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல். வேறு எந்த ஆவணத்திலும் இடம்பெறாத கொலைகள் அவ்வொப்புதலால் மட்டுமே நினைவில் நிற்கின்றன.

சம்பந்தர் குறிப்பில் வஞ்சனை மட்டும் உள்ளது, முற்பிறப்புக் கொலை இல்லை. ஆதலின் கொலைப்பகுதி பிற்காலச் சேர்க்கையாகலாம் என்பது இரண்டாம் தடை. பதிகத்தின் ஒரு பாட்டு முழுக்கதையையும் கூற வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆயினும் கொலைப்பகுதி பிற்காலத்தது என்றே கொள்வோம். அப்போது நம் முடிபு மேலும் வலுப்பெறும். ஒரு பெண் வஞ்சித்துக் கொன்றாள் என்னும் செய்தியைக் கேட்ட கதைஞர், அதனோடு அமையாமல், அவள் ஏன் அது செய்தாள் என வினவினர். வினவி, அவளுக்கு முன் நிகழ்ந்த ஒரு கொலையைக் கண்டனர். அவ்விடை அவர்கள் கண்டறிந்த உலகியலினின்றும் வந்ததே ஆகும். நம்பி உடன் சென்ற பெண் வழியில் கொல்லப்படுதல் அவர்கட்கு நம்ப இயலாத செய்தியாக இருந்திலது.

முடிவுரை

பெண்கொலைக்குத் தமிழ்நாட்டுக் கலை தந்த மறுமொழி மூன்று நிலைகளில் அமைந்தது. சங்கப் புலவர் கொன்றவனை வசையில் நிறுத்தினர். காப்பியப் புலவர் கொடுமைக்கு உள்ளானவளை வாதம் புரியும் அறிவுடையாளாக உயர்த்தினர். வில்லுப்பாட்டுக்காரர் கொலையுண்டவளைப் பேசச் செய்து, ஊராரைச் சான்றாக அமர்த்தினர். மூன்றும் அவை தவறிய இடத்தில் தோன்றியவை.

வீட்டினுள் நிகழும் கொலைக்குச் சான்று கிடைத்தல் அரிது என்பதைச் சட்டம் உணர நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் 1986-இல் வரதட்சிணைச் சாவு தனிக்குற்றமாக்கப்பட்டபோது, சான்றுச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. மணமாகி 7 ஆண்டுகளுக்குள் இயல்புக்கு மாறாக இறந்த பெண், இறப்பதற்குச் சற்று முன்னர் வரதட்சிணை கேட்டுக் கொடுமைப்படுத்தப்பட்டாள் என நிறுவப்படின், அச்சாவுக்குக் கொடுமை செய்தவரே காரணர் என நீதிமன்றம் ஊகித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் அவ்விதி உள்ளது. இறந்தவள் வந்து சான்று கூற இயலாது என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. கள்ளிச்செடியை விளித்து இறந்த பெண்ணின் கதையைப் பாடியோர் அவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தனர்.

நீலிக் கண்ணீர் என்னும் தொடரை வழக்கினின்றும் நீக்குதல் எவர்க்கும் இயலாது; நீக்க வேண்டுவதும் இல்லை. ஆயின் தமிழ் பயில்வோர் அத்தொடருக்குப் பொருள் உரைக்கும்போது, பழையனூர் அவையில் நிகழ்ந்ததோடு நில்லாமல், அதற்கு முன் காட்டில் நிகழ்ந்ததையும் சேர்த்து உரைத்தல் கடன். கதையைப் பாதியில் நிறுத்துவோர், அவள் இடுப்பில் இருந்த கள்ளியைக் காணாத அவையினரோடு ஒப்ப எண்ணப்படுவர்.